பி.பி.சி. மைக்ரோவுக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி?

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் பள்ளியில் ஏசி இருந்த ஒரே அறை அது. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த குரலில் ஒரு 'பூ', அதை ஒட்டியே மேலே ஒரு 'பீப்'. அந்த இரட்டைச் சத்தத்தை வீட்டில் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வேலையும் செய்தேன்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் கொண்டுவந்த கம்ப்யூட்டர்தான் இந்த பி.பி.சி. மைக்ரோ. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சிப், பி மாடலில் 32 கிலோபைட் நினைவகம். பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியாக நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. என்னைப் போன்ற பலர் முதலில் தொட்ட கீபோர்டு இதுதான்.

இங்கே பழையது கிடைப்பது அபூர்வம். என்னுடையதை இங்கிலாந்தில் இருக்கும் பெரியம்மா மகன் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நம் ஊர் 230 வோல்ட்டிலேயே ஓடும், அதனால் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். பிளக்கை மட்டும் மாற்றுங்கள்: பழுப்பு ஒயர் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த்தை விட்டுவிடக் கூடாது. அந்த ஊர் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு, நம் பிளக்கில் கிடையாது. அதனால் ஃபியூஸ் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கழற்றுங்கள், சுவிட்ச் போடாதீர்கள்

ஆசையை அடக்க முடியாமல் அது வந்த அன்றே நான் சுவிட்சைப் போட்டேன். பூ, பீப். கண் கலங்கிவிட்டது. இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு 'பட்' என்று ஒரு வெடி, பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பழுப்புப் புகை, அறை முழுக்கக் கருகல் நாற்றம். இதில் வியப்பு என்னவென்றால், கம்ப்யூட்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் பவர் சப்ளையில் உள்ள இரண்டு கப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகங்கள். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்பட்டவை. ஒளி ஊடுருவும் மஞ்சள் உறைக்குள் காகிதச் சுருள் இருக்கும். நாற்பது வருடத்தில் உறை விரிசல் விட்டு, காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடுகிறது. சுவர் பிளக்கிலிருந்து வரும் மெயின்ஸ் மின்சாரம் நேராக அதன் குறுக்கே பாயும்போது வெடிக்கிறது. வடிகட்டும் வேலை மட்டும் என்பதால் அது போனாலும் மெஷின் நிற்பதில்லை. சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம்.

மேல் மூடியைப் பிடித்திருப்பவை நாலு ஸ்க்ரூ: பின்னால் இரண்டு, கீபோர்டுக்கு அடியில் இரண்டு. பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருக்கும். இடப்பக்கம் இருக்கும் பெட்டிதான் பவர் சப்ளை. அதிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் ஏழு ஒயர்களையும் பிடுங்கும் முன் கட்டாயம் போட்டோ எடுங்கள். சிவப்பு மூன்றும் 5 வோல்ட், கறுப்பு மூன்றும் கிரவுண்ட், ஊதா ஒன்று மைனஸ் 5. மாற்றிச் செருகினால் சிப்புகள் போய்விடும்.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி ஒரு இரவு அப்படியே விடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். காலையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்து, அது வடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மெயின்ஸ் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் டிவி ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி நான் இடறிய இடம். வெடிக்கும் அந்த இரண்டு கப்பாசிட்டர்களில் ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றொன்று 0.01. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் இந்த எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டேன். 400 வோல்ட் என்று போட்ட சாதாரண பாலியஸ்டர் கப்பாசிட்டரை எடுத்துக் கொடுத்தார்கள். 230-ஐ விட 400 பெரிதுதானே என்று மாட்டியும் விட்டேன். தவறு. அந்த 400 பேட்டரி போன்ற டிசி மின்சாரத்துக்கான கணக்கு, வீட்டுக்கு வருவது ஏசி. மெயின்ஸில் அவ்வப்போது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் துள்ளல்கள் வரும். அதைத் தாங்குவதற்கென்றே சோதித்துத் தயாரிக்கப்படுவது 'எக்ஸ் 2' வகை. உள்ளே சின்னதாகப் பொத்தல் விழுந்தாலும் தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், எளிதில் தீப்பிடிக்காது. மேலே 'எக்ஸ் 2' என்றும் '275 வோல்ட் ஏசி' என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். மறுபடி காகித வகையை வாங்காதீர்கள், பாலிப்ரோப்பிலீன்தான் என் தேர்வு. பழையதன் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் ஸ்கேலில் அளந்துகொண்டு கடைக்குப் போனால் இரண்டாவது நடை மிச்சம்.

சால்டரிங் அயர்ன் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்டேஷன் ஒன்றை வாங்குங்கள். பழைய போர்டில் செம்புத் தடம் எளிதில் உரிந்து வந்துவிடும்.

டிவியில் படம்

பின்னால் வட்டமாக இருக்கும் பி.என்.சி. சாக்கெட்டில் வீடியோ வருகிறது. அதை டிவியின் மஞ்சள் ஏவி ஓட்டையில் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் முனை வேண்டும். சிசிடிவி கேமரா கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பழுது என்று நினைக்காதீர்கள், தொடக்கத்துக்கு அது போதும். கலருக்கு ஆறு முனை ஆர்ஜிபி சாக்கெட் தனியாக உண்டு.

'பூ' மட்டும் நீண்டு ஒலித்து 'பீப்' வரவில்லையா? கீபோர்டு ரிப்பன் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திவிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஒரு 'ப' எழுதிப் பார்ப்போம்

விளையாட்டுகளை ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டு கட்டம். இடமிருந்து வலமாகக் கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒவ்வொரு வரிசையிலும் நிரப்பும் கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கான எண். 'ப'வின் இரண்டு கால்களும் 64, 2, கூட்டினால் 66. அடிக்கோட்டுக்கு 64 முதல் 2 வரை எல்லாம் சேர்த்து 126. கட்டளைகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள்:

MODE 5
VDU 23,224,0,66,66,66,66,66,126,0
PRINT CHR$ 224

224 என்பது நம் 'ப'வுக்கு நாம் வைத்த எண். திரையில் நல்ல அகலமாக ஒரு 'ப' வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த என் பெண் "அப்பா, தமிழ் வருது!" என்று கத்தினாள்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் 'ப' வரவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். இருவரும் முதல் வரியை விட்டிருக்கிறார்கள். சுவிட்ச் போட்டதும் மெஷின் மோட் 7 என்ற திரை வகையில் நிற்கும். அங்கே எழுத்துகள் டெலிடெக்ஸ்ட் (டிவி திரையில் எழுத்தாகச் செய்தி காட்டும் முறை) என்ற தனி சிப்புக்குள் அச்சாகவே இருக்கின்றன. நாம் வரையும் எழுத்து அங்கே எடுபடாது.

இன்னொருவர் வரி எண் போட்டுப் பெரிய புரோகிராம் எழுதி, கை தவறி பிரேக் விசையை அழுத்திவிட்டாராம். எல்லாம் போய்விட்டது என்று சோர்ந்து போய் எழுதியிருந்தார். போகவில்லை. புதிதாக எதையும் அடிக்காமல் 'ஓல்ட்' (OLD) என்று மட்டும் அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள், திரும்பி வந்துவிடும்.

'ட'வுக்கான எண்களைக் கேட்டவருக்கு: 0,64,64,64,64,64,126,0. இதை 225-ல் வைத்துக்கொள்ளுங்கள். 'ம்' முடித்தால் 'படம்' என்று எழுதிவிடலாம், ஆனால் எட்டுக் கட்டத்துக்குள் சுழியும் புள்ளியும் ஒன்றாக அடங்க மறுக்கின்றன. கட்டம் போட்ட நோட்டில் யாராவது வரைந்து வெற்றி பெற்றால் எண்களை அனுப்புங்கள், உங்கள் பெயருடன் இங்கே சேர்க்கிறேன்.