லினக்ஸ் டிரைவரில் ஸ்கேட்டர்-கேதர்: சிதறிய பஃபரைச் சாதனத்திடம் கொடுப்பது எப்படி

ஒரு நிரல் 64 கேபி பஃபரை உங்கள் டிரைவரிடம் நீட்டுகிறது. நிரலுக்கு அது ஒரே நீளமான துண்டு. ராமில் பார்த்தால் 4 கேபி பக்கங்களாக 16 இடங்களில் சிதறிக் கிடக்கலாம். தொடக்கம் பக்க எல்லையில் விழாவிட்டால் 17. எல்லாவற்றையும் தொடர்ச்சியான ஒரு பஃபருக்கு நகலெடுத்து அனுப்பலாம்தான். ஆனால் சிபியு நேரம் வீண், பெரிய தொடர் நினைவகம் கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை. அதற்குப் பதில், துண்டுகளின் முகவரியையும் நீளத்தையும் பட்டியலாகவே சாதனத்திடம் கொடுத்துவிடுவோம். இதுதான் ஸ்கேட்டர்-கேதர், சுருக்கமாக எஸ்ஜி. சிபியு நடுவில் இல்லாமல் சாதனமே ராமைப் படிப்பதும் எழுதுவதும்தான் டிஎம்ஏ.

(ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்வதுபோல் எழுதுகிறேன். கோட் எழுதும்போது இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.)

படி 1. புரோப் ஃபங்ஷனில் (சாதனம் கண்டறியப்பட்டதும் கர்னல் அழைப்பது) "டிஎம்ஏ செட் மாஸ்க் அண்ட் கோஹிரன்ட்" அழைத்து, சாதனம் எத்தனை பிட் முகவரியைத் தாங்கும் என்று சொல்லுங்கள்.

படி 2. "பின் யூசர் பேஜஸ் ஃபாஸ்ட்" மூலம் பக்கங்கள் ராமில் இடம் மாறாதபடி பிடித்து வையுங்கள். கேட்டதைவிடக் குறைவான பக்கங்களே பிடிபட்டால், பிடித்ததை விடுவித்துவிட்டுப் பிழையோடு திரும்புங்கள்.

படி 3. "எஸ்ஜி அலாக் டேபிள் ஃப்ரம் பேஜஸ்" பட்டியலைக் கட்டித் தரும். ராமில் அடுத்தடுத்து இருக்கும் பக்கங்களை அதுவே ஒரே பதிவாகச் சேர்த்துவிடும்.

படி 4. இப்போது "டிஎம்ஏ மேப் எஸ்ஜிடேபிள்". சாதனம் பயன்படுத்தக்கூடிய முகவரிகளை இது அமைத்துத் தரும், இதுதான் மேப் செய்வது. 5.8 கர்னல் முதல் இருக்கிறது. சரியாக முடிந்தால் 0 தரும். தரவு எந்தத் திசையில் போகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். மேப் செய்த பிறகு உங்கள் கையில் இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும். "ஒரிஜ் என்எண்ட்ஸ்" என்பது நீங்கள் கட்டிய பதிவுகள். "என்எண்ட்ஸ்" என்பது சாதனம் பார்க்கப்போகும் துண்டுகள். நடுவில் ஐஓஎம்எம்யு (சாதனம் கேட்கும் முகவரியை ராம் முகவரியாக மாற்றும் வன்பொருள்) இருந்தால், சிதறிய பக்கங்களைச் சாதனத்தின் கண்ணுக்கு அடுத்தடுத்து இருப்பதுபோல் காட்டிவிடும். 16 பதிவுகள் ஒன்றிரண்டாகச் சுருங்கலாம். எனவே டிஸ்கிரிப்டர் (சாதனம் படிக்கும் முகவரி-நீளக் குறிப்பு) எழுத "ஃபார் ஈச் எஸ்ஜிடேபிள் டிஎம்ஏ எஸ்ஜி" சுற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளே "எஸ்ஜி டிஎம்ஏ அட்ரஸ்", "எஸ்ஜி டிஎம்ஏ லென்" இரண்டும்தான். பதிவில் இருக்கும் "லெங்த்" புலத்தைத் தொடாதீர்கள். இதை மாற்றி எழுதினாலும் ஐஓஎம்எம்யு இல்லாத கணினியில் பெரும்பாலும் ஓடிவிடும், ஏனென்றால் அங்கே இரண்டு எண்ணிக்கையும் ஒன்றே. வேறு கணினியில் ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பழைய டிரைவர்களில் "டிஎம்ஏ மேப் எஸ்ஜி" இருக்கும். அது துண்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அங்கே 0 என்றால் தோல்வி. அன்மேப் செய்யும்போது அது தந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது, முதலில் நீங்கள் கொடுத்த எண்ணையே கொடுக்க வேண்டும். புதியதில் அந்தக் கணக்கை டேபிளே பார்த்துக்கொள்வதால், அதையே பழகுங்கள்.

படி 5. சாதனத்தை ஓட விடுங்கள். வேலை முடிந்தது என்று சாதனம் சொல்லும் இன்டரப்ட் வரும்வரை சிபியு அந்த பஃபரைத் தொடக் கூடாது. எக்ஸ்86-ல் தொட்டாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். பல ஆர்ம் போர்டுகளில் கேஷில் கிடக்கும் பழைய தரவுதான் கிடைக்கும்.

படி 6. அப்புறம் அன்மேப், டேபிளை விடுவிப்பது, கடைசியாகப் பக்கங்களை விடுவிப்பது, வரிசை இதுதான். சாதனம் பஃபரில் எழுதியிருந்தால் "அன்பின் யூசர் பேஜஸ் டர்ட்டி லாக்" வேண்டும். அது தூங்கக்கூடியது, அதாவது நடுவில் காத்து நிற்கலாம். எனவே இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் அழைக்காமல் வொர்க்கியூவுக்கு (வேலையைப் பிறகு செய்யும் கர்னல் வரிசை) தள்ளிவிடுங்கள்.

சோதிக்கும் கர்னலில் "கான்ஃபிக் டிஎம்ஏ ஏபிஐ டீபக்" தேர்வை இயக்கி வையுங்கள். அன்மேப்பில் எண்ணிக்கையோ திசையோ பிசகினால் டிமெசேஜில் (கர்னல் பதிவுச் செய்திகள்) எச்சரிக்கை வந்து நிற்கும்.