பலி டெக் திணறுகிறதா? இப்படிச் சரிசெய்யுங்கள்

மேஜிக் தி கேதரிங் கார்டு விளையாட்டில், சொந்த உயிரினங்களைப் பலி கொடுத்துப் பலன் பெறும் கார்டுக் கட்டுதான் பலி டெக். அதை முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பலியாகும் உயிரினங்கள், பலி கொடுக்க உதவும் கார்டுகள், சாவில் பலன் தருபவை. பெரும்பாலும் மூன்றாவதுதான் வீங்கியிருக்கும், என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. பலிக்கு மானா (கார்டுகளுக்குச் செலவிடும் ஆற்றல்) கேட்காத விசெரா சீர் கார்டு 4 வையுங்கள். எதிராளி உங்கள் பிளட் ஆர்ட்டிஸ்ட் என்ற மூன்றாம் குவியல் உயிரினத்தைக் கொல்ல மந்திரம் போட்டால், அது நிறைவேறும் முன்பே மற்ற உயிரினங்களையும் கடைசியில் அதையுமே பலி கொடுத்துவிடலாம், ஒவ்வொரு சாவுக்கும் அவருக்கு 1 உயிர் குறையும், உங்களுக்கு 1 கூடும். அப்புறம், ஒரே கார்டில் இரண்டு டோக்கன் (கார்டு இல்லாமல் உருவாகும் உயிரினம்) தருபவற்றுக்கு இடம் கொடுங்கள். ஆசையாக வைத்த அந்த 6 மானா பூதம்? தூக்குங்கள். ரெஸ்ட் இன் பீஸ் என்ற கார்டு இறங்கினால் எதுவும் கல்லறைக்கே (செத்தவை சேரும் குவியல்) போகாது, பலனும் வராது. அதை உடைக்கும் கார்டு சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகள்) இருக்கட்டும்.