தண்ணீர் டியூப்பா, லேசரா: சுவர் மட்டம் சரிசெய்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லைன் வீடு ஒன்றுக்குப் பின்னால் 6 மீட்டர் அடுக்களைச் சுவர். நான்காம் செங்கல் வரியில் ஒரு மூலை 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. 60 சென்டிமீட்டர் ரசமட்டத்தை (குமிழி வைத்து மட்டம் காட்டும் கருவி) நகர்த்தி நகர்த்தியே மட்டம் பார்த்ததுதான் காரணம். பத்து முறை வைத்தால், தடவைக்கு 1 மில்லிமீட்டர் சேர்ந்துகொண்டே போகும்.

ரசமட்டத்தை அதே இடத்தில் இடவலம் மாற்றி வைத்துப் பாருங்கள். குமிழி வேறிடம் போனால் அது கெட்டது.

மூலைக்கு மூலை மட்டம் எடுக்கத் தண்ணீர் டியூப்தான் சிறந்தது என்பேன்; உள்ளே தெரியும் நீளக் குழாயில் தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். வாளித் தண்ணீரை மெதுவாக உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் மட்டம் பொய். பாதி டியூப் வெயிலில், பாதி நிழலில் கிடந்தாலும் தவறும். முதலில் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா பாருங்கள். அடைப்பான் இருந்தால் இரண்டையும் திறந்தே வைக்க வேண்டும்.

லேசர்க் கோடு வெளி வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, பச்சைக் கோடுகூடச் சிரமம்தான். கூரை போட்ட பிறகு, ஆள் துணை இல்லாதபோது நல்லது.

சுவரைப் பிரிக்கவில்லை. 65 மில்லிமீட்டர் கல், 10 மில்லிமீட்டர் கலவை, ஆக வரிக்கு 75. மூலைக்கு ஒன்றாக நிறுத்திய, வரி உயரம் குறிக்கும் அளவுக்கோல்களில், தாழ்ந்த மூலையின் கோலில் மட்டும் அடுத்த நான்கு வரிகளுக்கு 77.5 என்று குறித்து, இரு கோல்களுக்கும் நூல் கட்டினேன். நூல் நடுவில் தொய்யும்; அங்கே ஒரு கல்லைச் சரியான உயரத்தில் வைத்துத் தாங்கவிட வேண்டும். எட்டாம் வரியில் மட்டம் வந்தது. செங்குத்துக்குத் தூக்குக்குண்டே போதும்.