அலமாரிக்குப் பசை போடும்போது எங்கே தவறுகிறோம்

மர அலமாரி கோணிப் போனால் பழி பசை மேல்தான் விழும். உண்மையில் பசை டப்பாவைத் திறக்கும் முன்பே பாதி வேலை கெட்டுப்போயிருக்கும்.

பசை இல்லாமல் ஒருமுறை முழுசாகப் பூட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கியும் பாருங்கள். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையைத் தடவிவிட்டால் பலகையை நகர்த்திச் சரிசெய்யச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், மேலே ஃபேன் சுற்றினால் அதுவும் குறையும். கிளாம்ப் நீளம் போதவில்லை, தட்டு தலைகீழாக இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்து என்ன பயன்?

அடுத்தது தரை. மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குப் பட்டறை என்றால் பால்கனிதான், அங்கே தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். அந்தத் தரையில் வைத்து ஒட்டினால் பெட்டி முறுக்கிக்கொண்டு காயும், அப்புறம் கதவு எந்தக் கீலுக்கும் அடங்காது. ஹாலில் சமமான இடம் பார்த்து, ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகள் மேல் வையுங்கள்.

மூலை செங்கோணமா என்று பார்க்கும் மூலைமட்டம் மட்டும் போதாது, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். வெளி அளவு 900 மி.மீ. உயரம், 600 மி.மீ. அகலம் என்றால் இரண்டுமே ஏறக்குறைய 1082 வர வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த நீளமான மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளிலும் பிடிக்கும்படி கிளாம்ப் போட்டு மெல்ல இறுக்குங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்யாவிட்டால் பிறகு வழியே இல்லை.

கிளாம்பை உயிரைக் கொடுத்து இறுக்குவதும் தவறுதான், பலகை வளைந்துவிடும். இணைப்பு நெடுகச் சின்னச் சின்ன மணிகளாகப் பசை பிதுங்கினால் போதும், நிறுத்திவிடுங்கள். பிதுங்கியதை ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். கரைந்த பசை மரத் துளைகளுக்குள் இறங்கிவிடும், பாலிஷ் போடும்போது அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ரப்பர் பதத்துக்கு வரட்டும், உளியால் சுரண்டினால் சுத்தமாக வந்துவிடும்.

சன்மைக்கா ஒட்டிய பரப்பில் இந்தப் பசை பிடிக்காது, அதற்கு உள்ளே ஊற இடம் வேண்டும். இணைப்பு வரும் பட்டையில் மட்டும் சன்மைக்காவை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூவை நம்புங்கள். பிளைவுட்டின் வெட்டு ஓரம் இதற்கு நேர்மாறு, எல்லாப் பசையையும் குடித்துவிடும். முதலில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, அது ஊறியதும் இன்னொன்று பூசி ஒட்டுங்கள்.

சரி, மும்பை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே ஈரம், தண்ணீர் கலந்த பசை மெதுவாகத்தான் காயும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று கிளாம்பைக் கழற்றாதீர்கள், ஒரு முழு நாள் விடுங்கள். இதே ஈரத்தில் கட்டைப் பலகை அகலவாக்கில் உப்பும், குளிர்காலத்தில் சுருங்கும். ஆகவே தேக்குப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நுழைக்கும்போது அங்கே பசையே போட வேண்டாம், பக்கவாட்டில் கொஞ்சம் இடமும் விடுங்கள். ஒட்டிவிட்டால் அந்தப் பலகை நடுவில் பிளக்கும். பிளைவுட் பலகை என்றால் இந்தக் கவலை இல்லை, தாராளமாக ஒட்டலாம்.