பேத்தியைப் பார்க்க வழி கிடைத்தது

மகள் தவறிய பிறகு மருமகன் பேத்தியைக் கண்ணிலேயே காட்டவில்லை. காசிமேட்டில் ஆளாளுக்கு, "பிள்ளையையே கேட்டு கேஸ் போடு" என்றார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது அது லேசில் நடக்காது. எனக்கும் பார்த்தால் போதும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் ஆண்டு சட்டம் அது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். வக்கீலம்மா குடும்பநல நீதிமன்றத்தில் சந்திப்பு உரிமை மட்டும் கேட்டார். அங்கே குழந்தையின் நலன்தான் முதலில். சமரசப் பேச்சில் மருமகன் ஒருவழியாக இறங்கி வந்தார். "அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதப் போனார்கள், வக்கீலம்மா விடவில்லை. கிழமை, நேரம், யார் கூட்டிவருவது, பள்ளி லீவு, பிறந்தநாளுக்கு வீடியோ கால், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்றார். ஞாயிறு தருகிறேன் என்றார் மருமகன். மீன் விற்கிறவளுக்கு ஞாயிறா? சனிக்கிழமை 10 மணி முதல் 5 மணி வரை என்று மாற்றி வாங்கினேன்.