குடியிருப்போரிடம் கருத்துக் கேட்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

நடைபாதை, மிதிவண்டித் தடம் அமைக்கும் பணிகளில் குடியிருப்போரைச் சேர்த்துக்கொள்ளப் புதிதாக வருகிறவர்களைக் கவனித்து வருகிறேன். பழைய பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஒலிபெருக்கி கோளாறு, அறிவிப்புத் தாமதம் போன்றவை இரண்டு கூட்டங்களில் தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரைபடம் முடிந்த பிறகு அழைப்பது

டெண்டர் விட்ட பிறகு கருத்துக் கேட்டால், பேச மிஞ்சுவது இருக்கைகளின் நிறம் மட்டும்தான். மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-லேயே மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தராமல் கருத்து மட்டும் கேட்பதை ஒப்புக்குச் செய்யும் காரியங்களோடு வைத்தார். பலர் இன்னும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கை தூக்கச் சொல்லித் தடுப்புக் கம்பி நடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்குமான பாதையில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்துவிடுகின்றன. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நுழைவாயிலில் கம்பி போடுங்கள்" என்கிறார். கைதட்டல், ஒருமனதான தீர்மானம். பொறியாளருக்கும் நிம்மதி: மக்களே கேட்டது, செலவும் குறைவு.

அப்படி நட்ட ஒரு தடுப்பின் அருகே ஒரு மாலை நின்றுகொண்டிருந்தேன். வளைந்து வளைந்து நுழைய வேண்டிய வகை. மூன்று சக்கர மிதிவண்டியில் ஒரு பெண்மணி வந்தார். உடல் சமநிலைக் குறைவால் இரு சக்கர வண்டி ஓட்ட முடியாதவர். முன் சக்கரம் நுழைந்துவிட்டது. திருப்பத்தில் பின் சக்கரம் கம்பியில் இடித்து நின்றது. இறங்கித் தூக்கலாமே என்றார் கூட வந்த இளம் பொறியாளர். தூக்க முடிந்தவர் ஏன் அந்த வண்டியில் வருகிறார்? நாங்கள் இருவரும் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துச் செடிவேலியின் இடைவெளி வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் சாவதானமாக உள்ளே போயிற்று.

கணக்கு எளியது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். முன்னதை நிறுத்துகிற இடைவெளி பின்னதையும் நிறுத்தும். சரக்கு மிதிவண்டியையும் இரட்டைக் குழந்தைகளின் தள்ளுவண்டியையும் சேர்த்தே நிறுத்தும். பிரிட்டன் போக்குவரத்துத் துறை 2020-ல் வெளியிட்ட மிதிவண்டிக் கட்டமைப்பு வழிகாட்டி இத்தகைய இடங்களில் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி கேட்கிறது. மிதிவண்டியிலிருந்து இறங்கச் செய்யும் தடுப்பே கூடாது என்கிறது.

கம்பி நடுவது ஒரு நாள் வேலை. பிடுங்குவதற்குக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், தளத்தை மீண்டும் போட வேண்டும், புதிய ஒப்புதல் வாங்க வேண்டும். கேட்டால், "மக்கள் தீர்மானம் இருக்கிறதே" என்று கோப்பை நீட்டுகிறார்கள். அந்த மக்களில் அந்தப் பெண்மணி இல்லை. கூட்டம் நடந்தது மாடியில்.

ஒருவர் பாதைக்குள் நுழைய முடியுமா என்பதை மற்றவர்களின் வாக்குக்கு விடாதீர்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியது தொல்லை என்ன என்பதை: எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து, எதற்காக மோட்டார் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள்? பெரும்பாலும் குறுக்கு வழிக்காக வருகிறார்கள். அதற்கான மருந்து கம்பியாக இருக்க வேண்டியதில்லை. தடுப்புதான் வேண்டும் என்று முடிவானால், முதலில் தற்காலிகக் கூம்புகளை வையுங்கள். அந்த வட்டாரத்தில் ஓடும் ஆக அகலமான, ஆக நீளமான மிதிவண்டியை வரவழைத்து, அதன் சொந்தக்காரரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு குழி தோண்டலாம்.

ஒருவரை அழைத்தால் எல்லோரையும் அழைத்ததாக எண்ணுவது

சக்கர நாற்காலியில் வருபவர் நடைபாதை விளிம்பைச் சாலை மட்டத்துக்கு இறக்கச் சொல்வார். வெள்ளைக் கோலுடன் வருபவருக்கோ அந்த விளிம்புதான் சாலை தொடங்குவதைச் சொல்லும் அடையாளம். இருவரும் சரி. மட்டத்தை இறக்கி, அங்கே கோலாலும் காலாலும் உணரக்கூடிய, புள்ளி புடைத்த தளக்கற்களைப் பதிப்பதுதான் வழி. செய்இச்சி மியாகே 1965-ல் உருவாக்கிய அந்தக் கற்கள் 1967-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இருவரையும் ஒரே நாளில், ஒரே சாலைக் கடப்பில் நிறுத்திப் பேச வையுங்கள். தனித்தனியாகக் கேட்டால், கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் வரைபடத்தில் ஏறும்.

பகலில் மட்டும் நடந்து பார்ப்பது

இருட்டிய பிறகு ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை போங்கள்.

பதில் அனுப்பாமல் விடுவது

முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த அழைப்புக்கு எவரும் வரமாட்டார்கள்.

உழைப்பை இலவசமாக வாங்குவது

பொறியாளருக்குச் சம்பளம், ஆலோசகருக்குக் கட்டணம். பாதை முழுவதும் சக்கர நாற்காலியை உருட்டி ஒவ்வொரு இடறலையும் காட்டியவருக்குக் கைகுலுக்கல் மட்டுமா? பயணச் செலவு, சைகை மொழிபெயர்ப்பாளர் கட்டணம், அவர்களின் நேரத்துக்கான தொகை ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்; நிதி ஒதுக்கியான பிறகு அந்த வரியைச் சேர்க்க எவரும் விடமாட்டார்கள்.