தரங்கம்பாடியை நிதானமாக நடந்து பார்ப்பது எப்படி

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் கல்யாணத்துக்கோ வருகிறவர்கள், பந்தி முடிந்த கையோடு வேனில் ஏறித் தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் இறங்கி, அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டையின் முகத்தைப் பார்க்க அந்த நேரம் போதும். ஊரைப் பார்க்கப் போதாது. ஒரு பிற்பகல், ஓர் இரவு, மறுநாள் முற்பகல் என்று கணக்கு வைத்துக்கொண்டு வந்தால், அவசரமே இல்லாமல் நடந்தே இந்த ஊரை முழுவதும் பார்த்துவிடலாம் என்பதால், அந்தக் கணக்கிலேயே இங்கே வழி சொல்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும் பேருந்தே எளிய வழி. தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ரயில் ஓடியது. 1986-இல் அது நின்றுபோனது, இன்றுவரை திரும்பி வரவில்லை. தை, மாசி மாதங்களே இங்கு வரச் சிறந்தவை. தை மாதமென்றால் வழியெங்கும் சம்பா அறுவடையையும் பார்த்துக்கொண்டே வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடற்கரைப் பயணத்தைக் கெடுத்துவிடும். சித்திரை வெயிலில் நிழலற்ற கோட்டை வெளியில் நிற்பது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லதன்று.

பேருந்தை விட்டு முதன்மைச் சாலையில் இறங்கியதும் ஆட்டோவில் நேரே கடற்கரைக்குப் போய்விடாமல், கிழக்கே நடந்து நகர வாயில் வழியாக உள்ளே நுழையுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போது காணும் வெள்ளை வாயில் 1792-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்த வாயிலைத் தாண்டும்போதுதான், மதிலுக்குள் அடங்கிய ஒரு சிறு வணிக நகரத்துக்குள் காலெடுத்து வைக்கிறோம் என்பது புரியும். வாயிலிலிருந்து கடல் வரை நேராக ஓடுகிறது ராஜ வீதி; ஊரின் முக்கியமான கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வீதியிலோ அதையொட்டியோ இருக்கின்றன.

நடக்கத் தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இங்கே இருந்தவர்கள் டச்சுக்காரர்கள் என்று பலரும் சொல்லக் கேட்கலாம், அது தவறு. டச்சுக்காரர்கள் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது நாகப்பட்டினத்தை; பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் வந்து அமர்ந்தது காரைக்காலில்; தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் டென்மார்க் நாட்டவரான டேனிஷ்காரர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்கள் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானுக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காவிரி நெல்லும் கடல் வாணிபமும் சந்திக்கும் இடம் என்பதால், ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் இந்தச் சிறு கடற்கரையில் இத்தனை நாட்டவர் வந்து இடம் பிடித்தார்கள்.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள் உள்ளன. 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்கள் தங்கள் வழிபாட்டுக்குக் கட்டிக்கொண்டது. அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். நேரம் ஒதுக்க வேண்டியது 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்கு. முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கின் முத்திரையை மகுடத்தோடு காணலாம். உள்ளே ஜெர்மானியக் கிறிஸ்தவ மறைபணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று சக மறைபணியாளர் ஹென்ரிக் புளுட்சோவோடு இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 24. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் ஆளுநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708-இன் இறுதியில் ஏறத்தாழ நான்கு மாதம் இந்தக் கோட்டையிலேயே சிறை வைக்கப்பட்டார். 1719-இல், 36 வயதில், இதே ஊரில் இறந்தார்.

தமிழில் முதலில் அச்சடிக்கப்பட்ட புத்தகம் தரங்கம்பாடியில் வெளிவந்தது என்று சிலர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பிரான் வணக்கம் என்னும் கிறிஸ்தவ நூல் 1578-இலேயே கேரளத்துக் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. இடையில் அற்றுப்போயிருந்த தமிழ் அச்சு இங்கே மறுபடி உயிர்பெற்றது. 1714-இல் தொடங்கி 1715-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சடித்தால் கிடைத்த தாள் போதாது. எனவே மறைபணிக் குழுவினர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தாளுக்காகப் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். ஓலையில் கீறப்பட்டு வந்த நம் எழுத்து உலோகத்தில் எந்த அளவுக்குச் சிறுக்கலாம் என்று கைவினைஞர்கள் போராடிப் பார்த்த ஊர் இது என்ற நினைப்போடு, சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் அமைந்துள்ள அருங்காட்சியகத்தையும் பார்ப்பது நல்லது. என்னைக் கேட்டால், தமிழ் படிக்கும் பிள்ளைகளைக் கோட்டைக்கு முன்பாக இங்கே அழைத்து வரவேண்டும்.

வீதியின் கடல் முனையில், மீட்டுப் புதுப்பிக்கப்பட்ட டேனிஷ் ஆளுநர் மாளிகை நிற்கிறது. அதைக் கடந்தால் கோட்டை. நகரத்தைப் பார்த்த மேற்கு முகத்தில் பிற்பகல் வெயில் படும். கடலைப் பார்த்த கிழக்கு முகத்துக்கு விடியற்காலைதான் உகந்தது. படம் எடுப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு முறை வந்து இரண்டு முகங்களையும் எடுக்கலாம். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன. ஆளுநர் குடியிருந்தது மேல்தளத்தில். இப்போது மேல்தளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. அதற்கு வார விடுமுறை உண்டு என்பதால், வரும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோட்டையையும் ஊரையும், வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்து, 1845-இல் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் வெளியேறினார்கள்.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். ஊரின் மிகப் பழைய கட்டடம் இதுவே என்றாலும், வருகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமலே போய்விடுவது எனக்கு நீண்ட நாள் வருத்தம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல், டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கோயில் இது. ஊரின் பழம்பெயர்களான சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் இரண்டும் இந்தக் கோயிலின் கல்வெட்டில் உள்ளன. கரையைக் கடல் தின்றுகொண்டே வந்ததில் கோயிலின் முன்பகுதிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. முன்பு வந்தவர்கள், சிதைந்த கோபுரத்தின் காலடியில் அலை மோதியதைப் பார்த்திருப்பார்கள். பின்னர் கரையில் பாறாங்கற்களைக் கொட்டி, கோயிலையும் எடுத்துக்கட்டியிருக்கிறார்கள். மாலைப் பூசை நேரத்தில் உள்ளே சென்றால், தீபாராதனை மணியும் அலையோசையும் ஒன்றாகக் கேட்கும். தரங்கம் என்றால் அலை என்பதை அப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். அலையும் கற்களும் ஆபத்தானவை. கற்களில் பாசி வழுக்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையின் மீனவக் குடும்பங்களைப் பேரிழப்புக்கு ஆளாக்கியது. அந்த மக்கள் குடியிருக்கும் தெருக்களில் நடக்கும்போது, வலை பின்னிக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பது முறையன்று; “அண்ணே, எடுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், படகைப் பற்றியும் காற்றைப் பற்றியும் நாலு வார்த்தை பேசவும் செய்வார்கள்.

இரவு தங்க ஊருக்குள் சில பழைய மாளிகைகள் விடுதிகளாக இருக்கின்றன. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் திருக்கடையூரில் அறை எடுத்துக்கொண்டு அதிகாலை வரலாம். ஆனால் பௌர்ணமியாக இருந்தால் தரங்கம்பாடியிலேயே தங்குங்கள். கோட்டை வெளியில் உட்கார்ந்து, கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கலாம். மறுநாள் சூரியன் எழுவதற்கு முன் கரைக்கு வந்துவிட்டால், கட்டுமரமும் படகும் திரும்புவதையும் மீன் ஏலம் போவதையும், கோட்டையின் கிழக்கு முகம் பொன்னிறமாவதையும் சேர்த்தே காணலாம்.

காலை உணவுக்குப் பொறையாறு போவது வசதி. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள தில்லையாடிக்குப் போகலாம். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. அடுத்த ஆண்டே காந்தியடிகள் அங்கு வந்து சென்றார். நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திருக்கடையூருக்குப் போனால் அபிராமி சந்நிதியில் உச்சிக்காலப் பூசைக்கு முன் நின்றுவிடலாம். பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், தில்லையாடியிலிருந்து பத்தரை மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள்.